எந்த சொப்ரானோவுக்கு எந்த வேடம்?

1949 ஜனவரியில் வெனிஸ் நகரின் லா ஃபெனிசே அரங்கில் பாடகி மரியா காலஸ், வாக்னரின் ‘டி வால்க்யூர’ ஓபராவில் ப்ரூன்ஹில்டாகப் பாடிக்கொண்டிருந்தார். கவசமும் ஈட்டியுமாக வரும் போர்த்தேவதை வேடம் அது. கீழே பித்தளைக் கருவிகள் முழங்கும்போது அதற்கு மேல் குரல் எழும்ப வேண்டும். அதே அரங்கில் அடுத்து வரவிருந்தது பெல்லினியின் ‘இ பூரித்தானி’. அதில் எல்விராவாகப் பாட வேண்டிய மார்கெரிட்டா கரோசியோ நோயில் படுத்துவிட்டார். இசை நடத்துநர் துல்லியோ செராஃபின் காலஸையே எல்விராவாகப் போடச் சொன்னார். எல்விரா என்றால் பிருகா மேல் பிருகாவாக உதிர வேண்டிய மெல்லிய வேடம். இருக்கிற சில நாளில் பாடம் பண்ணி, ஒரே மாதத்தில் இரண்டையும் பாடி முடித்தார் காலஸ்.

ஓபரா ரசிகர்கள் இன்னும் அதைப் பேசித் தீர்க்கவில்லை. காலஸ் எந்த வகை சொப்ரானோ? இன்னார் வெர்தியின் ஐடா வேடத்தைப் பாடலாமா? அந்தப் பெண் இப்போதே புச்சினியின் டோஸ்கா வேடத்தை எடுத்தால் ஐந்து வருஷத்தில் குரல் போய்விடாதா? கிரிக்கெட்டில் யாரை எத்தனையாவதாக இறக்குவது என்று நடக்கும் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை இது. ஆனால் இந்தச் சண்டைக்கு அடியில் அளந்து பார்க்கக்கூடிய இயற்பியல் இருக்கிறது.

முதலில் வகைகள். சொப்ரானோ என்பது பெண்குரல்களில் மிக உயர்ந்தது. அதற்குள்ளேயே துடுக்கான வேலைக்காரிப் பெண்ணாக வருபவர் சூப்ரெட். மொசார்ட்டின் இரவு ராணி, தொனிஸெட்டியின் லூச்சியா போல வேகமான சுரக்கோவைகளைப் பாடுபவர் கொலொரதூரா. புச்சினியின் மிமி போல மென்மையாக இழைந்து பாடுபவர் லிரிக். ஐடா, அதைவிடச் சற்றுக் கனமான ஸ்பின்டோ. வாக்னரின் ப்ரூன்ஹில்ட், இஸோல்டே, புச்சினியின் டூரன்டோட் எல்லாம் மிகக் கனமான டிராமாட்டிக். ஜெர்மன் அரங்குகளில் இதற்கு ‘ஃபாக்’ என்று பெயர். அங்கே இது வெறும் ரசிகர் பேச்சு அல்ல. பாடகரின் ஒப்பந்தத்திலேயே ஃபாக் இருக்கும். அந்த வகைக்குள் வராத வேடத்தைப் பாடச் சொன்னால் பாடகர் மறுக்கலாம். அதனால் அந்த ஒரு சொல்லில் பிழைப்பே அடங்கியிருக்கிறது.

புதிதாகக் கேட்க வருபவர்கள் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது உச்ச சுரத்தை. யார் எவ்வளவு மேலே போகிறார் என்பதை வைத்து வகை பிரிக்கப் பார்ப்பார்கள். இரவு ராணி எஃப் என்ற மேற்கத்திய சுரம் வரை, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 1397 அதிர்வுகள் (ஹெர்ட்ஸ்) வரை போகிறாள் என்பது உண்மைதான். எட்டா மோசர் பாடிய அந்தப் பாடல் 1977-ல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத்தட்டில் ஏறி, இப்போது விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் மற்றவர்களைப் பாருங்கள். மெல்லிய மிமிக்கும் முதல் அங்கத்தின் முடிவில் உயர் சி இருக்கிறது, 1046 ஹெர்ட்ஸ். முழங்கும் ப்ரூன்ஹில்டும் தன் போர்க்கூவலில் அதே உயர் சி-யைத் தொடுகிறாள். ஒரே உச்சம், இரண்டு வெவ்வேறு வகை. ஆக உச்ச சுரம் ஒரு நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், பாட்டு பெரும்பாலான நேரம் எந்த சுரங்களில் சஞ்சரிக்கிறது என்பது. இத்தாலியர் இதை டெஸிடூரா என்பார்கள். ஒரு முறை உயர் சி-யைத் தொட்டுவிட்டு இறங்குவது வேறு. அதற்குச் சற்றுக் கீழேயே அரை மணி நேரம் குடியிருப்பது வேறு. நம் கச்சேரியில் பாடுபவர் தன் தொண்டைக்கு ஏற்ற கட்டையில் சுருதி வைத்துக்கொள்வார். ஓபராவில் பெரும்பாலும் அந்தச் சலுகை கிடையாது. எழுதிய இடத்தில் எழுதியபடி பாட வேண்டும், ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் அதே சுருதியில் காத்திருக்கிறது.

சரி, தொண்டைக்குள் என்ன நடக்கிறது? ஒரு பெண்ணின் குரல்நாண்கள் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான். குரல்வளையின் முன்பக்கத்தில் உள்ள ஒரு தசை அவற்றை இழுத்து நீட்டினால் சுரம் ஏறும். நாணுக்கு உள்ளேயே இருக்கும் தசை இறுகினால் நாண் தடிக்கும், ஒலிக்குக் கனம் கூடும். இந்த இரண்டு தசைகளும் ஒன்றோடொன்று இழுபறி செய்தபடியேதான் ஒவ்வொரு சுரமும் பிறக்கிறது. 880 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடித்தால் நாண்கள் விநாடிக்கு 880 முறை மோதித் திறக்கும். ஒரு நிமிடம் பிடித்தால் 52,800 மோதல்கள். குரல் போய்விடும் என்று ரசிகர்கள் பதறுவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. சத்தம் கூட்ட நுரையீரலின் அழுத்தத்தை ஏற்றினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாக விழும்.

மைக் இல்லாமல் நூறு பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்பது எப்படி? ஆண் பாடகர்கள் விஷயத்தில் விடை பல காலமாகத் தெரியும். ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவிந்திருக்கிறது, மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண்குரல் தொண்டையின் அடிப்பகுதியைக் குறுக்கி 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு ஒலிக்கொத்தை உண்டாக்குகிறது. ஆர்க்கெஸ்ட்ரா மெலிந்திருக்கும் இடம் அது. நம் காது கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுவே. அந்த ஜன்னல் வழியாகக் குரல் வெளியே வந்துவிடுகிறது.

உயரே பாடும் சொப்ரானோவுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. 880-ல் பாடினால் அவள் குரலின் மேற்சுரங்கள் (பாடும் சுரத்தோடு கூடவே எழும் அதன் மடங்குகள்) 1760, 2640, 3520 என்று தள்ளித் தள்ளி விழும். கொத்தாகச் சேர்க்க அங்கே போதிய சுரமில்லை. அவள் வேறொன்று செய்கிறாள்.

ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் வாயும் தொண்டையும் சேர்ந்து ஒரு வடிவம் எடுக்கின்றன. அந்த வடிவத்துக்கென்று ஒத்ததிர்வு அதிர்வெண்கள் உண்டு, அங்கே விழும் ஒலியை அது பெருக்கிக் கொடுக்கும். ‘ஈ’ சொல்லும்போது முதல் ஒத்ததிர்வு 300, 400 ஹெர்ட்ஸில் இருக்கும். ‘ஆ’ சொன்னால் 800, 900 வரை ஏறும். இப்போது 880-ல் ‘ஈ’ என்று பாடினால் என்ன ஆகும்? வாய் வளர்த்துக் கொடுக்கும் இடம் 400-ல் சும்மா கிடக்கும். பாடும் சுரமோ அதற்கு எட்டாத உயரத்தில். எனவே சொப்ரானோ தாடையை இறக்கி, ஒத்ததிர்வை மேலே தூக்கி, பாடும் சுரத்தின் மீதே கொண்டுபோய் வைக்கிறாள். கூடுதலாக ஒரு துளி மூச்சு செலவில்லாமல் ஒலி பல மடங்கு பெருகிவிடும். சுண்ட்பெர்க் இதையும் சொல்லியிருந்தார். சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோ வுல்ஃபும் உடனிருந்தவர்களும், சொப்ரானோக்கள் பாடும்போதே உதட்டருகே ஒரு சிறிய ஒலிமூலத்தை வைத்து அந்த ஒத்ததிர்வை நேரடியாக அளந்தார்கள். முடிவு 2004-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது: சுரம் ஏற ஏற ஒத்ததிர்வும் அதன் பின்னாலேயே ஏறுகிறது. உயர் சி-யை ஒட்டி தாடை அதற்கு மேல் திறக்க இடமில்லாமல் போய்விடும். அதன் பிறகு இரவு ராணி போன்றவர்கள் இரண்டாம் ஒத்ததிர்வைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எந்த சொப்ரானோவின் வீடியோவையும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். தாடை இறங்குவதை வைத்தே சுரம் ஏறுவதைச் சொல்லிவிடலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு: அந்த உயரத்தில் எல்லா உயிரெழுத்தும் ‘ஆ’ மாதிரியே கேட்கும், சொல் புரியாது. பாடகியின் உச்சரிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. 1983-ல் டொரன்டோவில் மேடைக்கு மேல் வசனத்தைத் திரையிட்டுக் காட்டத் தொடங்கினார்கள். சுத்தம் பார்க்கும் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், மற்றவர்களுக்கு நிம்மதி.

இப்போது சண்டையின் நடுவிடத்துக்கு வரலாம். உயர் சுரங்களில் இந்தத் தாடை வித்தை எல்லா சொப்ரானோக்களுக்கும் கிடைக்கிறது. அதனால்தான் மெல்லிய குரலும் உயர் சி-யில் பெரிய அரங்கை நிரப்பிவிடுகிறது. வித்தியாசம் தெரிவது கீழே, நடுக்குரலில். 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பாடும்போது குரலின் அடிச்சுரம், ஆர்க்கெஸ்ட்ரா மிகப் பலமாக இருக்கும் அதே இடத்தில் போய் விழுகிறது. அங்கே மேற்சுரங்கள்தான் காப்பாற்ற வேண்டும். நாண்கள் சட்டென்று, முழுசாக மூடிக்கொண்டால் மேற்சுரங்கள் பலமாக வரும். மெதுவாக மூடினால் ஒலி புல்லாங்குழல் மாதிரி மென்மையாகிவிடும். டிராமாட்டிக் சொப்ரானோவுக்கு அந்த உறுதியான மூடல் இயல்பிலேயே வாய்த்திருக்கிறது. மெல்லிய குரல் அதைப் பலவந்தமாகச் செய்யப் பார்த்தால்தான் ஆபத்து. எதிர்ப்பக்கமும் உண்டு: கனமான குரல் பொதுவாகப் பிருகாக்களில் அவ்வளவு சுலபமாக ஓடாது.

என்னைக் கேட்டால் வெர்தியின் ‘லா ட்ராவியாத்தா’வை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். வியோலெட்டாவுக்கு மூன்று குரல் வேண்டும் என்பார்கள். முதல் அங்கத்தின் ‘செம்ப்ரே லிபேரா’ முழுக்கக் கொலொரதூரா ஓட்டம். அதன் கடைசியில் சிலர் ஒரு உயர் ஈ-ஃபிளாட்டைச் சேர்த்துப் பாடுவார்கள். வெர்தி அதை எழுதவேயில்லை, ஆனாலும் வாக்குவாதத்தில் பாதி அதைப் பற்றித்தான். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. இரண்டாம் அங்கத்தில் காதலனை விட்டுப் போக முடிவெடுத்தபின் ‘அமாமி, அல்ஃப்ரேதோ’ என்று ஒரு வரி வருகிறது. ஆர்க்கெஸ்ட்ரா பொங்கி எழ, குரல் அதற்கு மேல் மிதக்க வேண்டும். முதல் அங்கத்தில் கைதட்டல் வாங்கியவர்கள் இந்த இடத்தில் மூழ்கிப்போவதைக் கேட்கலாம். அப்புறம் மூன்றாம் அங்கத்தில் சாகும் தறுவாயில் ‘அத்தியோ தெல் பஸ்ஸாத்தோ’. அதன் கடைசிச் சுரம் 880 ஹெர்ட்ஸ் ஏ. நூலிழைக் குரலில் பாடு என்று வெர்தி குறித்திருக்கிறார். மூச்சை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, ஒத்ததிர்வை மட்டும் நம்பி, கடைசி வரிசை வரை கேட்கும்படி பாட வேண்டும்.

இசைத்தட்டை வைத்து வாதாடுபவர்கள் மறந்துவிடுவது மைக்கை. ஜோன் சதர்லண்ட் 1972-ல் டூரன்டோட் பதிவு செய்தார். இன்றும் பலருக்கு அதுவே முதல் தேர்வு. ஆனால் மேடையில் அவர் அந்த வேடத்தைப் பாடியதே இல்லை. மார்கரெட் பிரைஸின் இஸோல்டேயும் அப்படித்தான், ஒலிப்பதிவுக்கூடத்தோடு சரி. மிரெல்லா ஃப்ரெனி புச்சினியின் பட்டர்ஃபிளை வேடத்தைப் பதிவு செய்தார், படத்திலும் நடித்தார், மேடைக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. இதைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தன் நடுக்குரல் எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு ஏன், மாபெரும் டிராமாட்டிக் சொப்ரானோவான கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் 1952-ல் இஸோல்டேயைப் பதிவு செய்தபோது, உயர் சி-க்களை மட்டும் எலிஸபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் பாடிக் கொடுத்தார்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸின் கோர்னெலி ஃபால்கோன் இருக்கிறார். 18 வயதில் அரங்கேறி, 1836-ல் மேயர்பேரின் ‘லெ யூக்னோ’வில் வாலன்டீனாகப் பாடிப் புகழின் உச்சிக்குப் போனவர். மறு வருடம் மேடையிலேயே குரல் நின்றுபோனது. அப்போது வயது 23. அவர் பாடிய வகைக் குரலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். காரணம் என்னவென்று பல விதமாகப் பேசுகிறார்கள். பெரிய வேடங்களைச் சீக்கிரமே எடுத்தது அதில் அடிக்கடி வருவது. ஆனாலும் இசையமைப்பாளர்கள் விடுவதாக இல்லை. 1905-ல் ட்ரெஸ்டனில் அரங்கேறிய ‘ஸலோமே’வுக்கு ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸ் கேட்டது, இஸோல்டேயின் குரலுள்ள 16 வயது இளவரசி! கீழே நூறு பேர் ஆர்க்கெஸ்ட்ரா.

அரங்கும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. காலஸ் பாடிய லா ஃபெனிசேயில் ஆயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் ஏறக்குறைய 3800. வாக்னர் 1876-ல் திறந்த பைராய்ட் அரங்கில் ஆர்க்கெஸ்ட்ராவே மேடைக்கு அடியில் மூடிய குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அங்கே இஸோல்டே பாடுபவருக்கு மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் ஆசுவாசம். ஒரே தொண்டை ஓர் ஊரில் ஸ்பின்டோவாகவும் இன்னோர் ஊரில் லிரிக்காகவும் கேட்பதில் முரண்பாடே இல்லை.

இந்த வகைப்பெயர்கள் பலவும் பெல்லினிக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1831-ல் பாடகி ஜியுதித்தா பாஸ்தா அவருடைய ‘லா சொன்னாம்புலா’வின் அமீனாவையும் ‘நோர்மா’வின் நோர்மாவையும் ஒரே வருடத்தில் முதன்முதலில் பாடினார். இன்று ஒன்று மெல்லிய குரலுக்கும் மற்றொன்று கனமான குரலுக்கும் போகிறது. நோர்மாவின் ‘காஸ்தா தீவா’ முதலில் ஜி-யில் எழுதப்பட்டது. பாஸ்தாவுக்காக எஃப்-புக்கு இறக்கினார்கள். இன்று பெரும்பாலோர் பாடுவது அந்த இறக்கிய வடிவத்தைத்தான். அதே ஓபராவில் இளைய பூசாரிணி அதால்ஜிஸாவாக வந்தவர் ஜியுலியா க்ரிஸி என்ற சொப்ரானோ. இப்போது அந்த வேடத்தை வழக்கமாக மெஸ்ஸோக்களுக்கு, அதாவது சொப்ரானோவைவிடச் சற்றுத் தாழ்ந்த பெண்குரல்களுக்கு, கொடுக்கிறார்கள். க்ரிஸியோ பின்னாளில் நோர்மாவையே பாடிப் பெயர் வாங்கியவர்.

2013-ல் ஸால்ஸ்பர்கில் செசிலியா பார்தொலி நோர்மா பாடியபோது இந்தப் பழைய கணக்கெல்லாம் மறுபடி கிளம்பியது. ஒரு மெஸ்ஸோ நோர்மாவா என்று ஒரு கூட்டம் கொதித்தது. சிறிய அரங்கு, பெல்லினி காலத்து வகைக் கருவிகள், சற்றுத் தாழ்ந்த சுருதி என்று எல்லாவற்றையும் தன் குரலுக்குத் தோதாக அமைத்துக்கொண்டார் என்றார்கள். ஆமாம், அமைத்துக்கொண்டார். குடல்நரம்புத் தந்திகளும் பழைய காலக் குழல்களும் இன்றைய ஆர்க்கெஸ்ட்ராவைவிட மெலிவாக ஒலிக்கும். அவற்றின் மேல் அவர் நடுக்குரல் தெளிவாகவே கேட்டது. அதே குரலை அப்படியே தூக்கி மெட்ரோபாலிட்டனில், இன்றைய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நிறுத்தினால் கேட்குமா என்று கேட்டால், கேட்காது என்றுதான் நினைக்கிறேன்.