அட்டை மேல் மூன்று எழுத்து

"காலையிலிருந்து மூணு ஓஆர்எஸ் குடுத்துட்டேன் டாக்டர், வயித்துப்போக்கு இன்னும் நிக்கலை."

ஒன்றரை வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அம்மா சொன்னது இது. ஓஆர்எஸ் என்றால் வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் கரைசல். பையனுக்குக் கண் குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். "எந்த ஓஆர்எஸ் குடுத்தீங்கம்மா?" என்றேன். பையிலிருந்து 200 மில்லி அட்டை டப்பா ஒன்றை எடுத்தார். ஆரஞ்சு சுவை.

பின்பக்கத்தைப் படித்துக் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான்.

குடல் சுவரைத் தாண்டி குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே போகும். பின்னாலேயே தண்ணீரும் போகும். சர்க்கரை மிஞ்சினால் எல்லாம் தலைகீழ். உடம்பில் இருக்கும் தண்ணீரையும் அது குடலுக்குள் இழுத்துவிடும், போக்கு கூடும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் போதாதபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அப்படிச் சம்பாதித்த பெயரைத்தான் இனிப்புப் பானத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள்.

அந்த அம்மா விளம்பரத்தில் மயங்கி வாங்கியவர் இல்லை. மருந்துக் கடையில் "ஓஆர்எஸ் குடுங்க" என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தார்கள். டிவியில் வந்தால் விளம்பரம் என்று தெரியும், மனசு கொஞ்சம் உஷாராகும். மாத்திரைகளுக்கு நடுவில், மருந்தின் பெயரிலேயே உட்கார்ந்திருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் அல்ல' என்று ஒரு வரி போட்டால் போதும் என அப்போது விதியே அனுமதித்திருந்தது. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வரியைத் தேடிப் படிக்க முடியுமா? எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் வரக்கூடாது என்றது. சரி, பெயர் போகும். ஆனால் 'ஓஆர்எஸ் குடுங்க' என்றால் டப்பாவை நீட்டுகிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் "ஒரு லிட்டர் தண்ணியில கலக்குற ஓஆர்எஸ் பவுடர்" என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

அன்று அந்தப் பையனை ஓபியிலேயே உட்காரவைத்து, அம்மா கையாலேயே ஸ்பூன் ஸ்பூனாக நான்கு மணி நேரம் கொடுக்கச் சொன்னோம். ஒரு தடவை வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பித்தார். சாயங்காலம் ஒன்றுக்குப் போனான். அப்புறம்தான் அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.