ஆதென்டிகேஷன் என்பது அங்கீகாரம் அல்ல

டூ-ஃபேக்டர் ஆதென்டிகேஷனுக்குத் தமிழில் 'இரு காரணி அங்கீகாரம்' என்கிறார்கள். செயலிகளின் அமைப்புப் பக்கம் தொடங்கி நாளிதழின் தொழில்நுட்பப் பத்தி வரை இதே தொடர்தான். மூன்று சொல்லில் இரண்டு பிழை.

ஆதென்டிகேஷனுக்கு வேர் கிரேக்கம்: 'அவ்தென்திகோஸ்', மெய்யானது. அதோடு குழப்பிக்கொள்ளப்படும் ஆதரைசேஷன் லத்தீன் 'அவ்க்தோர்' வழி வந்தது. முதலாவது 'நீ யார்?' என்று கேட்கிறது. இரண்டாவது 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்கிறது.

அங்கீகாரம் வடசொல், ஏற்றுக்கொள்வது, ஒப்புதல் தருவது. அங்கீகாரமில்லாத மனை என்கிறோம். மனை எங்கே, யாருடையது எல்லாம் தெரியும். டிடிசிபி என்கிற நகரமைப்புத் துறையின் ஒப்புதல்தான் கிடையாது. ஆக அது ஆதரைசேஷன் பக்கத்துச் சொல். அதையே இரண்டுக்கும் போட்டால் என்ன ஆகும்?

கவுச்டிபி என்கிற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் அதன் உள்நுழைவு முகவரிக்கு அனுப்பினால் ஒரு குக்கி, அதாவது உள்ளே வந்தவர் என்பதற்கான சிறு சீட்டு, வரும். இயல்பமைப்பில் அதன் ஆயுள் 600 நொடி. பயனர் ஒரு படிவத்தைப் பன்னிரண்டு நிமிடம் நிரப்பிவிட்டுச் சேமிக்கிறார். குக்கி காலாவதி, சர்வருக்கு அவர் இப்போது பெயரில்லாத ஆள். உறுப்பினருக்கு மட்டுமான தரவுத்தளம் என்றால் 401 என்ற பிழை எண் வரும். உள்நுழைந்தும் உரிய உரிமை இல்லாதவருக்கு வருவது 403. இரண்டையும் 'அங்கீகாரம் இல்லை' என்று மொழிபெயர்த்து வைத்திருந்தால், மறுபடி உள்நுழைந்தால் தீர்கிற விஷயத்துக்கு அவர் நிர்வாகிக்குப் போன் போடுவார். நிர்வாகி உறுப்பினர் பட்டியலைத் தலைகீழாகப் புரட்டுவார். அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆங்கிலமே இங்கே சறுக்கியிருக்கிறது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைதான் எச்டிடிபி; 1996இல் வந்த அதன் 1.0 ஆவணத்திலேயே 401இன் பெயர் 'அனாதரைஸ்டு', அதாவது அனுமதியில்லாதவர். கோரிக்கையோடு கடவுச்சொல்லைச் சுமந்து செல்லும் தலைப்பு வரியின் (ஹெடர்) பெயர் 'ஆதரைசேஷன்'. அதன் 2022ஆம் ஆண்டு ஆவணமான ஆர்எஃப்சி 9110இலும் பெயர் மாறவில்லை; விளக்கம் மட்டும் 'செல்லத்தக்க அடையாளச் சான்று இல்லை' என்ற பொருளில் சரியாக இருக்கிறது. பெயரைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் விளக்கத்தையும் ஒரு வரி படித்தால் குறைந்தா போய்விடுவார்?

தனித்தமிழ்க்காரர்கள் 'உறுதிப்பாடு' என்கிறார்கள். எதை உறுதிப்படுத்துவது? மின்னஞ்சலையும் உறுதிப்படுத்துகிறோம், முன்பதிவையும் உறுதிப்படுத்துகிறோம். 'ஆளறிதல்' அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐயின் வாசலில் நிற்பது பாதி நேரம் ஆள் இல்லை. இரவு இரண்டு மணிக்கு, கடவுச்சொல்லுக்குப் பதிலான டோக்கனோடு தரவை நகலெடுக்க வருகிற பேக்கப் ஸ்கிரிப்ட்.

எனவே அடையாளச் சரிபார்ப்பு. நீளம்தான், இருக்கட்டும், பொத்தானில் 'உள்நுழை' போதும். ஆதரைசேஷனுக்கு 'அனுமதி' என்று ஊரே பேசுகிற சொல் இருக்கிறது.

திரையில் 401க்கு 'மீண்டும் உள்நுழையுங்கள்' என்று போடுங்கள். 403க்கு 'இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை'. உள்நுழையும்போதே 401 வந்தால் 'பெயரோ கடவுச்சொல்லோ தவறு'. எது தவறு என்று சொல்லக் கூடாது, சொன்னால் எந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்று திருடன் தெரிந்துகொள்வான்.

அப்புறம் அந்தக் 'காரணி'. அது கணக்குப் பாடத்தில் 12ஐ மீதியின்றி வகுப்பது. இங்கே கேட்பது கடவுச்சொல் ஒன்று, கைப்பேசி ஒன்று என இரண்டு வகைச் சான்று. இருசான்றுச் சரிபார்ப்பு என்றாலே போதுமே.