மென்டர் என்றால் குரு அல்ல

சிகாகோவின் கறுப்பின மக்கள் வளர்த்த சிகாகோ புளூஸ் இசை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில், ‘பட்டி கை, ஜேம்ஸ் காட்டன் ஆகியோரின் குரு மடி வாட்டர்ஸ்’ என்ற மாதிரி ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. மடி வாட்டர்ஸ் அந்த இசையின் பெரிய பாடகர், கிதார்காரர். மற்ற இருவரும் அவரைவிட இளைய இசைக்காரர்கள். ஆங்கில மூலத்தில் மென்டர் (mentor) என்று இருந்திருக்கும். மொழிபெயர்த்தவர் குரு என்று போட்டுவிட்டார். குரு வந்தால் சீடர் வராமல் இருப்பாரா? அடுத்த வரியில் அவர்களும் வந்துவிடுகிறார்கள். நடந்த கதையே மாறிப்போகிறது.

மென்டர் முதலில் ஓர் ஆளின் பெயர். ஹோமரின் ஒடிஸியில், போருக்குப் போகும் ஒடிசியஸ் தன் வீட்டை மென்டர் என்ற நண்பனிடம் ஒப்படைத்துப் போகிறான். பின்னால் அதீனா தெய்வம் அந்த மென்டரின் உருவில் வந்து, மகன் டெலிமக்கஸுக்குத் தைரியம் சொல்லிப் பயணம் கிளப்புகிறாள். 1699இல் பிரான்சில் ஃபெனெலோன் எழுதிய டெலிமக்கஸ் கதை மென்டரைப் பெரிய பாத்திரமாக்கியது. அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அது பொதுச்சொல்லாகிவிட்டது.

சரி, குருவுக்கு வருவோம். குரு என்றால் அரிச்சுவடியிலிருந்து வித்தை சொல்லித் தருபவர். தீட்சை, தட்சிணை, பரம்பரை எல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். மடி வாட்டர்ஸ் யாருக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தார்? ஜேம்ஸ் காட்டன் சிறுவயதிலேயே சன்னி பாய் வில்லியம்சனிடம் ஹார்மோனிகா கற்றவர். இன்னொரு ஹார்மோனிகாக்காரர் லிட்டில் வால்டர் சிகாகோவின் மாக்ஸ்வெல் தெருவில் வாசித்துப் பழகிய பிறகுதான் மடியின் குழுவில் சேர்ந்தார். பட்டி கை லூசியானாவிலேயே கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர். வித்தை இவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது.

மடி செய்தது வேறு. 1957இல் 21 வயதில் சிகாகோ வந்த பட்டி கை, கையில் காசில்லாமல் பட்டினி கிடந்தார். மடி அவரைத் தன் காரில் உட்காரவைத்து சலாமி சாண்ட்விச் கொடுத்துச் சாப்பிடவைத்ததை பட்டி கை திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பியானோ வாசித்த ஓட்டிஸ் ஸ்பான் மடி வீட்டின் அடித்தளத்திலேயே குடியிருந்தார். 1952இல் தன் பெயரில் ஒரு வெற்றிப் பாட்டு வந்ததும் லிட்டில் வால்டர் குழுவை விட்டுப் போனார். மடி கதவைச் சாத்தவில்லை. ஒலிப்பதிவுக்கு அவரைத் தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். 1955இல் செயின்ட் லூயியிலிருந்து வந்து, பாட்டுப் பதிய யாரைப் பார்க்கலாம் என்று கேட்ட பாடகர் சக் பெர்ரியை ‘லெனார்ட் செஸ்ஸைப் போய்ப் பார்’ என்று, தன் பாட்டுகளைப் பதிந்துவந்த செஸ் கம்பெனியின் முதலாளியிடம் அனுப்பினார். அந்த வருடமே பெர்ரியின் முதல் இசைத்தட்டு செஸ் கம்பெனியில் வந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால், 1943இல் மிசிசிப்பியிலிருந்து வந்த மடியையே மூத்த புளூஸ் பாடகர் பிக் பில் புரூன்சி தன் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் வாசிக்கவிட்டு ஊருக்குக் காட்டினார். புரூன்சி இறந்த பிறகு, 1960இல், அவருடைய பாடல்களை மட்டும் வைத்து மடி ஒரு ஆல்பமே போட்டார்.

தான் பெற்றதை இன்னொரு இசைக்காரனும் பெறும்படி வழி சொல்லி அனுப்புவது. இதற்குத் தமிழில் ஓர் இலக்கிய வகையே இருக்கிறதே! ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரில் வரும் பாணனை அதே வள்ளலிடம் போகச் சொல்கிறான். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்கிறது தொல்காப்பியம். இங்கே இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்கள். ஒருவன் முந்திப் போய் வந்தவன், அவ்வளவுதான் வித்தியாசம். பெர்ரியை மடி அனுப்பியது அசல் பாணாற்றுப்படை. ஒரே வித்தியாசம், செஸ் வள்ளல் அல்ல. பிற்காலத்தில் ராயல்டிக்காக செஸ் குடும்பத்தாருக்குப் பங்கிருந்த பாடல் உரிமை நிறுவனத்தின் மேல் மடியே வழக்குப் போட வேண்டியிருந்தது.

‘வழிகாட்டி’ போதாதா என்று கேட்பார்கள். பொருள் சரிதான். ஆனால் நெடுஞ்சாலைப் பலகையும் வழிகாட்டி, கோயில் சுற்றிக்காட்டுபவரும் வழிகாட்டி, தேர்வுக்கு விற்கிற நோட்ஸும் வழிகாட்டி. எல்லாவற்றுக்கும் போட்டுப் போட்டு அந்தச் சொல் தேய்ந்துவிட்டது.

உண்மையில் பாதி இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டாம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் ஒன்றைத் தேடி நட்டாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் நம் மொழிபெயர்ப்புகளை இப்படி விறைக்க வைக்கிறது. கைதூக்கிவிட்டார், ஆளாக்கினார், தட்டிக்கொடுத்தார் என்று வினையில் சொன்னால் எந்த வாசகருக்கும் புரியும். ‘பட்டி கையை ஆளாக்கியவர்களில் மடி வாட்டர்ஸ் முக்கியமானவர்’ என்று எழுதிப் பாருங்கள், எங்காவது இடறுகிறதா?

பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்கிற இடத்தில் ஆற்றுப்படுத்துநர் என்றே எழுதலாம். அதை மனநலத் துறையில் கவுன்சலருக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியும். அங்கே உளவள ஆலோசகர் என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பாணர்களின் சொல்லைப் பாணர்களுக்கே விட்டுவிடலாம்.