காப்பிலெஃப்ட்: அளிப்புரிமை என்றால் போதுமா?

மென்பொருளை யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம், ஆனால் வாங்குபவருக்கும் அதே உரிமைகளைக் கொடுத்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர் காப்பிலெஃப்ட். பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் தமிழ் படிக்க வருகிறவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்குவது சுலபம். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு என்று வளர்ந்தவர்கள். பதிப்புரிமையைப் பிரெஞ்சில் 'துருவா தோத்தர்' என்பார்கள். துருவா என்றால் உரிமை, வலது என்ற பொருளும் அதற்கு உண்டு. அதை இடப்பக்கம் திருப்பி 'கோஷ் தோத்தர்' என்றதுமே சிரித்துவிடுவார்கள். ஆங்கிலத்திலும் இதே சிலேடைதான். தமிழில் உரிமை வேறு, வலது வேறு. இடங்கை, வலங்கை என்று இழுத்தால் பழைய சாதிச் சண்டைதான் கிளம்பும். சிலேடையை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிப்போம்.

1976இல் லி-சென் வாங் என்பவர் தம் 'டைனி பேசிக்' நிரலின் தலைப்பில் 'காப்பிலெஃப்ட், எல்லாத் தவறுகளும் காக்கப்பட்டவை' என்று எழுதிவைத்தார். அது வெறும் குறும்பு. சொல்லுக்குச் சட்டக் கனம் தந்தவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன். 1984 அல்லது 85இல் டான் ஹாப்கின்ஸ் என்ற நிரலாளர் அவருக்கு அனுப்பிய கடிதத்தில் 'காப்பிலெஃப்ட், எல்லா உரிமைகளும் தலைகீழ்' என்றிருந்தது. தாம் யோசித்துக்கொண்டிருந்த ஏற்பாட்டுக்கு ஸ்டால்மன் அதையே பெயராக வைத்துக்கொண்டார். 1989இல் வந்த குனூ பொது உரிமம், அதாவது ஜிபிஎல், அந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்ததுதான்.

இது பதிப்புரிமையைத் துறப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பதிப்புரிமை கையில் இருந்தால்தான் நிபந்தனை போட முடியும். நிரலை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், காசுக்கும் விற்கலாம். ஆனால் யாருக்குக் கொடுக்கிறோமோ அவருக்கு மூல நிரலையும் (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம்) இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். மாற்றியதை யாருக்கும் கொடுக்காமல் நம் அலுவலகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் ஜிபிஎல் ஒன்றும் கேட்காது.

பிஎஸ்டி, எம்ஐடி, அப்பாச்சி உரிமங்கள் எதிர்த்தரப்பு. எழுதியவரின் பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காதே, அப்புறம் உன் இஷ்டம் என்பதுதான் அவற்றின் போக்கு. இதற்கு நல்ல சாட்சி மினிக்ஸ். பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் உருவாக்கிய அந்த இயங்குதளம் இன்டெல் சில்லுகளுக்குள் ஓடுகிறது என்பது 2017இல் வெளியே தெரிந்தது. ஒரு மரியாதைக்காவது சொல்லியிருக்கலாம், ஆனால் பிஎஸ்டி உரிமப்படி அவசியமில்லை என்று அவர் இன்டெலுக்குத் திறந்த மடல் எழுதினார். நிரலைக் கையில் எடுப்பவருக்குச் சுதந்திரமா, கடைசியில் பயன்படுத்துபவருக்கா என்பதுதான் இரு தரப்புக்கும் உள்ள வழக்கு.

தமிழில் காப்பிலெஃப்டுக்கு 'அளிப்புரிமை' புழக்கத்தில் இருக்கிறது. வாயில் எளிதாக வரும் சொல், பதிப்புரிமைக்குப் பக்கத்தில் பொருந்தியும் நிற்கிறது. குறை என்னவென்றால், அளிப்பது இரண்டு தரப்பும்தான். பிஎஸ்டி இன்னும் தாராளமாகவே அளிக்கிறது. வாங்கியவரும் அளித்தாக வேண்டும் என்பதுதான் காப்பிலெஃப்டின் உயிர், அது சொல்லில் இல்லை. 'தொடர் அளிப்புரிமை' என்றால் சரியாக இருக்கும் என்பது என் கருத்து. எதிர்த்தரப்புக்கு 'அனுமதி உரிமம்' என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. உரிமம் என்பதே அனுமதிதானே! 'தாராள உரிமம்' என்றால் அதன் ஆதரவாளர்கள் மகிழ்வார்கள், ஜிபிஎல்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 'தளர் உரிமம்' என்றே நான் எழுதுகிறேன். அதில் கொஞ்சம் பழிச்சாயல் உண்டுதான், ஆனால் கட்டு தளர்ந்திருப்பது உண்மை.

பிரெஞ்சு அரசு இங்கே வேறு வழி போகிறது. அரசு அலுவலகங்கள் தங்கள் மென்பொருளை வெளியிட ஏற்ற உரிமங்களின் பட்டியலில் ஜிபிஎல் வகையைக் 'கைம்மாறுக் கடமை உள்ளவை' என்ற பொருளில் பிரித்துவைத்திருக்கிறார்கள். அழகான பெயர், ஆனால் குறி கொஞ்சம் தப்புகிறது. கைம்மாறு என்பது கொடுத்தவருக்கே திரும்பிப் போவது. ஜிபிஎல் கேட்பது நமக்கு அடுத்து வாங்குபவருக்கு.

மீறினால் என்ன ஆகும்? நம் தீவிலும் கைப்பேசி இணைப்பு தரும் ஒரேஞ்ச், அரசு இணையவாயில் ஒன்றுக்காக ஆந்த்ரூவேர் என்ற சிறு நிறுவனத்தின் 'லாஸோ' நிரலகத்தை (பிற நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) ஜிபிஎல் நிபந்தனைகளை மீறிப் பயன்படுத்தியது. 2011இல் தொடங்கிய வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னது.

நமக்கு அன்றாடம் படுவது எழுத்துருவில்தான். கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துரு முதலில் அப்பாச்சி உரிமத்தில் இருந்தது, 2015இல் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறியது. அது இளகிய வகைத் தொடர் அளிப்புரிமை. சேன் அந்த்ரே கோயில் தீமிதி அழைப்பிதழை அந்த எழுத்துருவில் அச்சடித்தால் அழைப்பிதழை எந்த நிபந்தனையும் தொடாது. எழுத்துருவையே திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.