சொகுசு எடையும் முக்காற்கனமும்

போன வாரம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு டீக்கடை. சுவரில் மாட்டியிருந்த டிவியில் அடிவரி ஊர்ந்துகொண்டிருந்தது: ‘சொகுசு எடை சாம்பியன் கனரக எடைக்கு மாறுகிறார்’. என் பக்கத்தில் பாக்சிங் பழகும் பையன் ஒருவன் நின்றிருந்தான். பயிற்சி முடித்து நேராக வந்திருப்பான் போல. கையில் சுற்றிய துணிப்பட்டையைப் பாதி அவிழ்த்து, மீதி மணிக்கட்டில் தொங்க, அதே கையால் டம்ளரைப் பிடித்திருந்தான். வரியைப் படித்துவிட்டு, “அது என்னண்ணா சொகுசு எடை? ஏசி போட்ட ஜிம்மா?” என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த மொழிபெயர்ப்பு என் கண்ணில் படுவது இது மூன்றாவது தடவை. ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டு டீயைக் குடித்திருப்பேன்.

மூலச் சொல் குரூசர்வெயிட். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 175 பவுண்டுக்கு மேல் 200 பவுண்டு வரை, அதாவது 79.4 கிலோவிலிருந்து 90.7 கிலோ வரை. அதற்குக் கீழ்ப்படி லைட் ஹெவிவெயிட், மேல்படி ஹெவிவெயிட். உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 1979 கடைசியில் இந்தப் பிரிவுக்கு முதல் பட்டப் போட்டியை நடத்தியபோது வரம்பு 190 பவுண்டு. 2003-இல்தான் 200 ஆனது. குரூசர் என்பது ஒரு போர்க்கப்பல் வகை. பெரிய போர்க்கப்பலைவிடச் சிறியது, வேகமானது, கடலில் குறுக்கும் நெடுக்கும் சுற்றிக் காவல் காப்பது. குறுக்கே போவதைக் குறிக்கும் டச்சு வினையிலிருந்து வந்த பெயர். அதற்கும் அடியில் இருப்பது சிலுவைக்கான லத்தீன் சொல். அதே லத்தீன் சொல்தான் போர்த்துகீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்து குருசு ஆனது, குருசடியும் ஆனது. ஆக, வேர் நமக்குப் பழைய உறவு. சரி, அது போகட்டும்.

சொகுசு எப்படி நுழைந்தது என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022-இல் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பலை இங்கே அனுமதிக்கலாமா கூடாதா என்று ஊரே பேசியது. குரூஸ் என்றால் சொகுசுக் கப்பல் என்று மனதில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் யாரோ கப்பலைக் கழற்றிவிட்டு, சொகுசை மட்டும் எடைக்கு மாட்டிவிட்டார்கள். எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் தண்ணீர்கூட அளந்து குடித்து, தடித்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடி ஓடிக் கடைசி இரண்டு கிலோவை இறக்குகிறவனுக்கு நாம் வைத்த பெயர் சொகுசு! கனரகம் இன்னொரு கூத்து. அது லாரிக்கும் டிரைவர் லைசென்சுக்கும் உள்ள சொல். ஹெவிவெயிட் வீரர் உசிக் என்ன டாரஸ் லாரியா?

இது அறியாமை, திருத்திவிடலாம். என் உண்மையான சண்டை படித்தவர்களோடுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். டீக்கடைக் கதையைப் போனில் சொன்னதும், “இதற்கு எப்போதோ சொல் செய்துவிட்டேன் தம்பி. உலாவெடை” என்றார். குரூஸ் என்றால் உலாவுதல், ஆகவே உலா எடை, புணர்ந்தால் உலாவெடை. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மற்ற இடங்களில்தான்.

முதலில், உலா என்றதும் நம் ஊர்க்காரனுக்கு எது நினைவுக்கு வரும்? மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரிசையாக வரும் சுவாமிகள். மேளம், குடை, தீவட்டி. உலா என்பது அவசரமில்லாத, அலங்காரமான நடை. மூன்று நிமிடச் சுற்றுக்குள் ஒருவன் தாடையை இன்னொருவன் தேடுவதற்கு அந்தப் பெயரா? ‘ஐயா, இது சொகுசு எடைக்குச் சித்தப்பா மகன்தான்’ என்று சொல்ல வாய் வந்தது, மரியாதைக்காக விழுங்கினேன்.

இரண்டாவது, காதில் விழும் விதம். உலாவெடை என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். வெடை என்றால் எங்கள் பக்கம் முட்டைக்கு வராத இளங்கோழி. உலாவும் வெடைக்கோழி! இதைச் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. “ஃபெதர்வெயிட்டை இறகு எடை என்று எழுதும்போது மட்டும் உவமை இனிக்கிறதோ? கப்பல் மட்டும் கசக்கிறதோ?” என்றார். நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

இறகு என்றவுடன் கை அறிந்த கனம் ஒன்று நினைவில் எழுகிறது. விளக்கமே வேண்டாம். உலாவில் எடையே கிடையாது. ஐம்பது கிலோ ஆளும் உலாவலாம், நூறு கிலோ ஆளும் உலாவலாம். ஆங்கிலேயனுக்குக் குரூசர் என்றால் துறைமுகத்தில் கண்ணால் பார்த்த கப்பல். இதைவிடப் பெரியது எது, சிறியது எது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குமே இந்தச் சொல் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிரிட்டனில் முன்பெல்லாம் லைட் ஹெவிவெயிட்டைத்தான் குரூசர்வெயிட் என்றார்கள். அப்படி நகர்ந்த உவமையை நாம் ஏன் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும்? கப்பல்தான் வேண்டுமென்றால் நம்மிடமே ஒன்று இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன எம்டன் ஒரு லைட் குரூசர்தான். “அவன் எம்டன்டா” என்று இன்றைக்கும் கெட்டிக்காரனைச் சொல்கிறோம். அந்தக் கணக்கில் எம்டன் எடை என்று வைத்தாலாவது அர்த்தம் இருக்கும். (ஆசிரியர் இதற்குச் சிரிக்கவில்லை.)

எனக்கு வழி காட்டியவர் எங்கள் தெரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எண்பதைத் தாண்டியவர், இன்றும் பாக்சிங் என்றால் விடிய விடிய உட்காருவார். பிரெஞ்சில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். “அதுல கப்பல்லாம் கெடையாது. மி லூர், லூர் லெழே, லூர். அவ்வளவுதான்” என்று மூன்று விரலை நிமிர்த்திக் காட்டினார். லூர் என்றால் கனம். மி என்றால் பாதி. லெழே என்றால் லேசு. அதாவது அரைக்கனம், லேசான கனம், கனம். ஏணியில் எந்தப் படி என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஜெர்மன்காரர்களும் லைட் ஹெவிவெயிட்டை அரைக்கனம் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த மூன்று விரலில் நடுவிரலுக்குத் தமிழில் பெயர் தயாராகவே இருக்கிறது. அரைக்கும் முழுசுக்கும் நடுவில் முக்கால். ஆகவே அரைக்கனம், முக்காற்கனம், கனம். புணர்ச்சி பிடிக்காதவர்கள் முக்கால்கனம் என்று எழுதட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. பின்னால் ‘எடை’ சேர்க்க வேண்டாம். கனம் என்றாலே எடைதானே. கன எடை என்பது நடு சென்டர் போலத்தான்.

உடனே மஞ்சக்குப்பத்திலிருந்து போன். “எதில் முக்கால், தம்பி? ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பே கிடையாதே?” கிடையாதுதான். அரைவேக்காடு என்கிறோமே, வேக்காட்டை யார் அளந்தது? முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள் என்றால் தலையை எண்ணியா சொல்கிறோம்? அடுத்து, கனம் வடசொல் என்றார். இருக்கட்டும். கனமழை பெய்கிறது, மனசு கனக்கிறது, தலைக்கனம் பிடித்தவன் என்று ஊரே சொல்லும்போது அந்தச் சொல் எந்த வாசல் வழியாக வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. தூய்மை பார்த்துப் பார்த்து யாருக்கும் புரியாத சொல்லைச் செய்து வைத்தால், கடைசியில் டிவிக்காரர் சொகுசைத்தான் எடுப்பார். குரூஸ் ஏவுகணைக்குச் சீர்வேக ஏவுகணை என்று நல்ல சொல் இருக்கிறது. ஆனாலும் ‘கப்பல் ஏவுகணை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கணினி கொடுப்பதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கக்கூட நேரமில்லையா?

சொல் நல்லதா என்று பார்க்க அதை வேலைக்கு அனுப்ப வேண்டும். டிவியில் ஓடிய செய்தியையே எடுத்துக்கொள்வோம். முக்காற்கனத்துச் சாம்பியன் கனத்துக்கு ஏறினால் பிழைப்பானா? இப்படிக் கேட்டதுமே சிக்கல் தெரிகிறது. கால் பங்கு குறைவு. அதைச் சாப்பாட்டால் நிரப்பினால் வேகம் போகும், நிரப்பாவிட்டால் எதிராளி சாய்ந்தாலே மூச்சு முட்டும். உயரத்தையும் கை நீளத்தையும் எந்தச் சாப்பாடும் தராது. டோமாஸ் அடாமெக் முக்காற்கனத்தில் பட்டம் வைத்திருந்தவர். கனத்துக்கு ஏறி, 2011-இல் அங்கே சாம்பியனாக இருந்த விட்டாலி கிளிச்கோவிடம் பத்தாவது சுற்றில் நிறுத்தப்பட்டார். ஆனால் இவாண்டர் ஹோலிஃபீல்ட் 1988-இல் முக்காற்கனப் பட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு மேலே ஏறி, 1990-இல் 94 கிலோ உடம்போடு 111 கிலோ டக்ளஸைச் சாய்த்தார். டேவிட் ஹே 2009-இல் தன்னைவிட 40 கிலோவுக்கு மேல் கனமான, ஏழடி வாலுயேவைச் சுற்றிச் சுற்றி வந்து புள்ளியில் ஜெயித்தார். ஒலெக்சாந்தர் உசிக் 2018-இல் முக்காற்கனத்தை மொத்தமாகக் கட்டியாண்டு, மறு வருஷம் மேலே போனார். 2024 மே மாதம் ரியாத்தில் அவர் 101 கிலோ, எதிரே டைசன் ஃபியூரி 118 கிலோவுக்கு மேல். உசிக் ஏறும்போது எடையைக் கொஞ்சமாகத்தான் கூட்டினார், காலை மாற்றவே இல்லை. ஒன்பதாவது சுற்றில் ஃபியூரி கயிற்றில் மோதித் தள்ளாடியது அந்தக் காலால்தான்.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதே உசிக் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 91 கிலோப் பிரிவில் தங்கம் வாங்கியபோது, அங்கே அந்தப் பிரிவின் பெயரே ஹெவிவெயிட். அதற்கு மேலே சூப்பர் ஹெவிவெயிட். அந்தத் தங்கம் ஆண்டனி ஜோஷுவாவுக்கு. அங்கே கனம், இங்கே முக்காற்கனம், உடம்பு ஒன்றுதான். எழுதுகிறவர் ஒலிம்பிக்கா, தொழில்முறையா என்று ஒரு சொல் சேர்த்தே ஆக வேண்டும். பயிற்சிக்குப் போகும் பையன்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. டீக்கடைப் பையனிடம் “நீ என்ன எடை?” என்று கேட்டேன். “அம்பத்தேழுண்ணா. அம்பத்தொம்பதுல நிக்கிறேன்” என்று இரண்டாவது பஜ்ஜியை வைத்துவிட்டான்.

இன்னொன்று. 2020-இல் உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 200 பவுண்டுக்கும் 224 பவுண்டுக்கும் நடுவில் பிரிட்ஜர்வெயிட் என்று புதிய பிரிவு ஒன்றைத் தொடங்கியது. தங்கையை நாயிடமிருந்து காப்பாற்றிக் கடிபட்ட ஆறு வயதுப் பையனின் பெயர் அது. பிரிட்ஜர் என்றே எழுதுங்கள். பால எடை என்று போட்டுவிடாதீர்கள்.