வெண்கல மைக்கூடு வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு, வியன்னா மைக்கூடுகளின் மேலிருக்கும் நாயும் சிங்கமும் தேவதையும் கண்ணைப் பறிக்கும். விலை பேசுமுன் கவிழ்த்துப் பாருங்கள். உண்மை அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, அடியில் மறைவான ஓர் இடத்தில் ஊசிமுனையால் லேசாகக் கீறுங்கள். மஞ்சளோ செம்மையோ தெரிந்தால் வெண்கலம் போன்ற செம்புக் கலவை. சாம்பல் வெள்ளை தெரிந்தால் வெண்கல நிறம் ஏற்றிய துத்தநாகம். வியாபாரிகள் ‘ஸ்பெல்டர்’ என்பது இதைத்தான். காந்தத்தை நம்பாதீர்கள், இரண்டிலும் ஒட்டாது. துத்தநாகம் எளிதில் நொறுங்கும். 419 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால் உடைந்ததைப் பற்றவைப்பதும் கடினம்.

திருகாணிகளையும் கவனியுங்கள். கூட்டல் குறி வெட்டுள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ‘1860’ என்று சொல்லப்படும் மைக்கூட்டில் அது இருந்தால், பிற்காலத்தில் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள், அல்லது பொருளே புதிது.

பழைய சிலையிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல்கள் இன்னும் சிக்கலானவை. உலோகம் ஆறும்போது சுருங்குவதால், 20 செ.மீ. உருவம் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். முடியிழை, இறகு வரிகள் மழுங்கியிருக்கும். முத்திரையும் அச்சோடு சேர்ந்தே வந்துவிடும். வியன்னா பெர்க்மன் பட்டறையின், ஜாடிக்குள் ஆங்கில ‘B’ எழுத்துள்ள முத்திரையைப் போலிகளிலும் குத்துகிறார்கள். ஆகவே முத்திரையை மட்டும் வைத்துப் பணம் கொடுக்க வேண்டாம்.

உள்கிண்ணத்தை எடுத்துப் பாருங்கள். மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய மை அமிலத்தன்மை உள்ளது, உலோகத்தை அரிக்கும். அதனால்தான் கண்ணாடியிலோ பீங்கானிலோ தனிக் கிண்ணம் வைத்தார்கள். அது குழிக்குள் ஆடினால் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். அது பெரிய குறையல்ல, விலையில் தெரிந்தால் போதும். காய்ந்த மையைக் கரைக்கக் கிண்ணத்தை மட்டும் வெளியே எடுத்துத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டவே வேண்டாம்! குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கினால் பட்டறையில் ஏற்றிய பழுப்புப் படலம் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வியன்னா உருவங்களின் வண்ணம் சூளையில் சுட்டதல்ல, ஸ்பிரிட் பட்டாலே கரையும். மென்மையான காய்ந்த தூரிகை போதும்.

வெளிர்பச்சைத் தூள் புள்ளிகள் தெரிந்தால், துடைத்துவிட்டு ஓரிரு வாரம் கவனியுங்கள். மீண்டும் பூத்தால் அது உலோகத்தைத் தொடர்ந்து தின்னும் குளோரைடு அரிப்பு. சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத பெட்டியில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வைத்து, உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.