செறிவூட்டலா, நீர்வரத்தா?

‘ரீசார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘செறிவூட்டல்’ என்று எழுதுவது பழகிப்போய்விட்டது. அரசு அறிக்கை, செய்தித்தாள், மாணவர் கட்டுரை, ஆழ்துளைக் கிணற்றருகே நட்ட பலகை என எங்கு பார்த்தாலும் ‘நிலத்தடி நீர் செறிவூட்டல்’. இந்தச் சொல் இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பதைக் காரணத்தோடு ஒருமுறை முழுமையாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பொருள். பெய்யும் மழையில் ஒரு பங்கு ஓடிவிடுகிறது, ஒரு பங்கு ஆவியாகிறது, பயிரும் மரமும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சம் வேர்களையும் தாண்டி இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தைச் சேர்கிறது. அப்படிச் சேர்வதுதான் ரீசார்ஜ். மண்ணுக்குள் நுழைவது ஊடுருவல், கீழே இறங்குவது கசிவு; போய்ச் சேர்ந்தால்தான் ரீசார்ஜ். ஆங்கிலச் சொல்லின் வேர் வண்டியைக் குறிக்கும் லத்தீன் ‘கார்ருஸ்’. வண்டியில் சுமை ஏற்றுவது ‘சார்ஜ்’, மறுபடி ஏற்றுவது ‘ரீசார்ஜ்’. வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

‘செறிவு’ நல்ல, பழைய சொல். நெருக்கம், அடர்த்தி என்பன அதன் இயல்பான பொருள். ‘செறிவறிந்து சீர்மை பயக்கும்’ என்ற குறளில் அது அடக்கத்தைக் குறிக்கிறது. இன்றைய அறிவியல் தமிழில், ஒரு கரைசலில் கரைந்திருக்கும் பொருளின் அளவே செறிவு. யுரேனியத்தைச் செறிவூட்டுகிறார்கள், ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி தருகிறார்கள். இரண்டிலும், இருக்கும் பொருளில் ஏதோ ஒரு கூறின் விகிதம் கூடுகிறது. மழைநீர் இறங்கினால் நிலத்தடி நீரில் எந்தக் கூறு கூடுகிறது? மட்டம் ஏறுகிறது, உப்பு இருந்தால் நீர்த்துப்போகிறது. ‘செறிவூட்டல்’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் செறிவுக் குறைப்பு!

இது வெறும் சொற்சண்டை இல்லை என்பதற்குக் குளோரைடு சமநிலை முறையே சாட்சி. மழைநீரில் சிறிதளவு குளோரைடு உண்டு. நீர் ஆவியாகும்போது குளோரைடு கூடவே போவதில்லை. மண்ணில் தங்கி, எஞ்சிய நீரோடு கீழே இறங்குகிறது. ஆகவே மழையளவை மழைநீரின் குளோரைடால் பெருக்கி, நிலத்தடி நீரின் குளோரைடால் வகுத்தால், எவ்வளவு நீர் கீழே சேர்ந்தது என்று தெரிந்துவிடும். ஓர் ஊரில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர், மழைநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம், கிணற்று நீரில் 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த நீர் 40 மில்லிமீட்டர். கிணற்று நீரில் 20 மில்லிகிராம்தான் என்றால் 80 மில்லிமீட்டர். (உரம், சாக்கடை, கடல்நீர் ஆகியவற்றிலிருந்து குளோரைடு கலக்கும் இடத்தில் இந்த முறை செல்லாது.) இதை நடப்பிலுள்ள சொல்லால் எழுதிப் பாருங்கள்: ‘செறிவு பாதியானால் செறிவூட்டல் இரு மடங்காகும்.’ எந்த மாணவனுக்கு இது விளங்கும்?

மண்ணின் இடுக்குகளில் நீர் செறியத்தானே செய்கிறது என்று இச்சொல்லுக்காக வாதாடுவார்கள். செறியட்டும். ஆனால் ‘ஊட்டல்’ சேர்ந்ததும் படிப்பவர் மனம் அரிசிக்கும் யுரேனியத்துக்கும்தான் போகிறது. அதோடு, ஊட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். மழை தானாகப் பெய்து தானாக இறங்குவதற்கும், நாம் குழி வெட்டி நீரை இறக்குவதற்கும் ஒரே பெயர் வைப்பது தெளிவுக்குக் கேடு.

‘மீள்நிரப்பல்’ இதைவிட எவ்வளவோ மேல். என்றாலும் ‘ரீ’ இருப்பதால் ‘மீள்’ வைத்தே ஆக வேண்டும் என்ற பழக்கத்தில் பிறந்த சொல் அது. நிரப்பல் என்றால் நிறைய வேண்டும். வறண்ட ஆண்டில் நிறைவதில்லை, ஏதோ கொஞ்சம் வந்து சேர்கிறது.

வந்து சேர்கிறது என்று எழுதும்போதே சொல் கிடைத்துவிட்டது. அணைக்கு நீர்வரத்து எவ்வளவு என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். ஏரிக்கு வரத்துக் கால்வாய் உண்டு. வரவும் செலவும் போல வரத்தும் போக்கும் இணைந்து நடக்கும் சொற்கள். ரீசார்ஜுக்கு ‘நிலத்தடி நீர்வரத்து’, நிலத்தடியிலிருந்து நீர் வெளியேறும் டிஸ்சார்ஜுக்கு ‘நீர்ப்போக்கு’. செயற்கையாகச் செய்வதற்கு மட்டும் ‘நீரூட்டல்’. அதற்கான கிணறு ‘ஊட்டுக்கிணறு’. தமிழ் தெரிந்த எவருக்கும் இவற்றுக்கு அகராதி தேவைப்படாது.

கணக்கில் வைத்துச் சோதிப்போம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் பின்பற்றும் முறைகளில் முதன்மையானது நீர்மட்ட ஏற்ற இறக்க முறை. மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று மட்டத்தை அளந்து, ஏற்றத்தைப் பரப்பாலும் பாறையின் ஈவாலும் (பாறை விட்டுத்தரும் நீரின் பங்கு) பெருக்க வேண்டும். மழைக்காலத்தில் இறைத்த நீரையும் கணக்கில் சேர்த்தால் வரத்து கிடைக்கும். மற்றொன்று, மழையளவில் இத்தனை விழுக்காடு வரத்தாகும் என்று பாறை வகைக்கேற்ப வைத்துக் கணக்கிடுவது. களிமண் குறைந்த, சிதைந்த கருங்கல் பகுதிக்கு 1997 நெறிமுறையில் 11 விழுக்காடு. களிமண் மிகுந்தால் 8. இரண்டு முறைகளும் தரும் வரத்துக்கிடையே வேறுபாடு 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் முதல் முறையின் விடையையே ஏற்கிறார்கள். எல்லா வரியிலும் ‘வரத்து’ இடறாமல் உட்காருகிறது.

மேலே ‘ஈவு’ என்றேனே, அதற்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். ‘ஸ்பெசிஃபிக் ஈல்டு’ என்பதை ‘குறிப்பிட்ட மகசூல்’ என்று பெயர்த்த பக்கத்தைப் படித்து நொந்திருக்கிறேன். எந்த வயலின் மகசூல்? நீர் நிறைந்த ஒரு கன மீட்டர் பாறையைத் தானாக வடியவிட்டால் வெளிவரும் நீரின் பங்கு அது. சிதைந்த கருங்கல்லில் 3 விழுக்காடு, அதாவது 30 லிட்டர். களிமண் மிகுந்தால் அதிலும் பாதி. மீதி நீர் பாறைத் துகள்களைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். கிணற்றில் 4 மீட்டர் ஏறினாலும் சேர்ந்தது வெறும் 12 சென்டிமீட்டர் நீர்தான் என்பதை இந்த எண்தான் சொல்கிறது. ‘நீர் ஈவு’ என்று எழுதினால் பொருளும் நிற்கும், கணக்கில் ஈவு என்ற சொல்லுக்குள்ள விகிதப் பொருளும் உடன் வரும்.

மழைநீர் சேகரிப்பிலும் இதே குழப்பம்தான். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். தொட்டியில் பிடித்து வைப்பது சேகரிப்பு. குழி வழியே நிலத்துக்குள் விடுவது நீரூட்டல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால், தொட்டி இல்லாதவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் ஒரு கிணற்றின் மட்டத்தை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, இந்தப் பெருக்கலை ஒருமுறை தங்கள் கையால் போட்டுப் பார்க்கட்டும்.